சாப்பாடு என்றாலே திரும்பிப் படுத்துக்கொள்கிறாள், நான் என்ன செய்வது?

வாசகர் கடிதம்

அம்மா, வணக்கம். எனக்கு 62 வயது. பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, இப்போது வேலையை விட்டுவிட்டேன். என் மனைவிக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, பினாங்கில் ஆறு வாரம், மொத்தம் 30 தடவை ரேடியேஷன் கொடுத்தார்கள். அது முடிந்து இரண்டு வாரம் ஆகிறது.

முடிந்ததும் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள் என்று நம்பியிருந்தோம். இப்போதுதான் ரொம்ப மோசம். வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்கிறாள். 54 கிலோ இருந்தவள் 46 ஆகிவிட்டாள். கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு கரண்டியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பார்க்க வருகிறவர்கள் "வெத்தலை போட்டதாலதான்" என்று அவள் காதுபடப் பேசுகிறார்கள். இப்போது யார் வந்தாலும் அறைக்குள் போய்விடுகிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், கட்டாயப்படுத்தியாவது ஊட்டுங்கள் என்கிறான். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னதும் அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டவள் பட்டினி கிடக்கும்போது எனக்கும் சோறு இறங்கவில்லை. வாழும் ஆசையே விட்டுப்போயிற்றோ?

- பெயர் வேண்டாம், பாடாங் செராய்

ஆலோசகர் பதில்

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மனைவி வாழ்க்கையை வெறுத்துச் சாப்பாட்டை ஒதுக்குவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வாயும் அவருக்கு வலி. கதிர்வீச்சின் வேலை கடைசி நாளோடு நிற்பதில்லை. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் உச்சத்தில் இருக்கும். அப்புறம்தான் மெல்ல ஆறத் தொடங்கும். பலருக்கு அதற்கே சில வாரங்கள் ஆகும். நாக்கின் சுவை திரும்ப மாதக்கணக்காகலாம். எச்சில் சுரப்பு அதைவிடத் தாமதம், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. மண் மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்வது அப்படியே உண்மை, உங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லும் குறை இல்லை.

மகனிடம் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிடுங்கள். தொண்டை புண்ணாக இருக்கும்போது வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதோடு, அந்த அம்மாவின் உடம்பில் கடந்த சில மாதமாக எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்திருக்கிறார்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு மிஞ்சியது இந்தத் தட்டு ஒன்றுதான். அதனால் முடிவை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். வீட்டுச் சமையல் இத்தனை வருஷமும் அவருடையது. இப்போதும் அவர் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். "கூழ் கெட்டியா இருக்கணுமா, தண்ணியா இருக்கணுமா? இப்பவா, பிறகா?" என்று கேளுங்கள். "சாப்பிடுறியா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

டாக்டர் கொடுத்த வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று கேட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். இது பல வீடுகளில் பெரிய வித்தியாசம் காட்டும். மருந்து போதவில்லை என்றால் தாங்கிக்கொள்ளச் சொல்லாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிக்கட்டும். கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷ் வேண்டாம்.

அவர் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,400 கலோரியும் 55 முதல் 70 கிராம் புரதமும் தேவைப்படும். வெறும் கஞ்சியில் வயிறுதான் நிறையும். அதே கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி வேகவையுங்கள், ஆறு கிராம் புரதம் கூடும். நெய்யோ கெட்டித் தேங்காய்ப்பாலோ சேருங்கள். பாலில் மூன்று நான்கு கரண்டி பால்மாவைக் கூடுதலாகக் கலக்கலாம். சர்க்கரைப் பாகு ஊற்றாத தாவ்ஃபூஃபா (சோயாப்பாலில் செய்த மென்மையான கட்டி), மசித்த பருப்பு, அவகாடோ எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். காரமான மிளகாய்ச் சம்பல், புளி, எலுமிச்சை, ஆவி பறக்கும் ரசம் இப்போதைக்குக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் போதும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த அளவுகளை உணவியல் நிபுணரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் தராசில் ஏற்ற வேண்டாம்.

இருந்தாலும் 54இலிருந்து 46 என்பது பெரிய இறக்கம். அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, குடிக்கும்போது இருமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே போய்விடுங்கள். குழாயைப் பற்றி அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அது புண் ஆறும்வரை உடம்பைத் தாங்குவதற்கு, பெரும்பாலும் தற்காலிகமானது. விழுங்க முடிகிறவரை, விழுங்குவதையும் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் சரி என்று சொல்லும் உணவை வாயாலும் கொஞ்சம் எடுக்கலாம். குழாயைக் கழற்றியவர் யாராவது அங்கே இருந்தால் பேச வையுங்கள் என்று வார்டு தாதியரிடம் கேளுங்கள். வாய் திறக்கும் பயிற்சி கொடுத்திருந்தால் விடாதீர்கள், தாடை இறுகிவிடும். இனி எந்தப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பும் பல் டாக்டரிடம் கதிர்வீச்சு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெற்றிலைப் பேச்சுக்கு வருகிறேன். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உண்மைதான், இனி அதைத் தொடக்கூடாது. ஆனால் தோட்டத்தில் கல்யாணம், சாவு, கோயில் எல்லாவற்றிலும் தட்டில் வைத்து நீட்டியதைத்தான் அவர் போட்டார். படுத்திருப்பவர் காதில் குற்றம் சொல்வதால் யாருக்கு என்ன நன்மை? வாசலிலேயே, "நோயைப் பத்திப் பேசாதீங்க, வேற கதை பேசுங்க" என்று நீங்கள் சொல்லலாம். கணவர் சொன்னால் ஊர் கேட்கும். உங்கள் மனைவி உள்ளே இருந்து அதைக் கேட்பதும் நல்லதுதான்.

"இருந்து என்ன" என்பது போல அவர் பேசினால், செத்துவிட வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உங்களுக்கே மனம் தாளாத நாளில் மலேசிய சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். நீங்கள் பட்டினி கிடப்பதும் அவருக்குப் பாரம்தான். உங்கள் சோற்றை அடுக்களையில் மறைந்து சாப்பிடாதீர்கள். வாசனை அவருக்குக் குமட்டாத நேரமாகப் பார்த்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.