முற்றம் போன பிறகு தவில்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருக்கிறோம். தாழ்வாரத்தில் வைத்துக் கேட்ட அதே ஸ்பீக்கர்கள்தான். புது அறையில் (12க்கு 12 அடி, டைல்ஸ் தரை) தவில் கும்மென்று அடைக்கிறது, நாகஸ்வரம் காதைக் குத்துகிறது. சுவரில் தெர்மோகோல் ஒட்டச் சொல்கிறார்கள். ஆம்பிளிஃபயரை மாற்றுவதா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஆம்பிளிஃபயர் மேல் தப்பில்லை. உங்கள் பழைய வீட்டில் முற்றம் இருந்தது. அதன் வழியே மேலே போன ஒலி திரும்பி வரவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதுக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று 1895-ல் அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைனிடம் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் அள்ளிவந்து பரப்பி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார் மனிதர். ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். அந்தக் கணக்கில் முற்றம் எவ்வளவு பெரிய ஜன்னல் என்று பாருங்கள்.

இப்போதைய அறை சதுரம். அதுதான் தொல்லை. 12 அடி இடைவெளியில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 47 அதிர்வு, தாழ்ந்த தொனி) அதன் இரட்டிப்பிலும் ஒலி தங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில் சேர்ந்து முழங்கும். சுவரோரத்தில்தான் அது உச்சம். நீங்கள் சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை நாலரை அடி முன்னால் இழுங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, சுவரை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி, ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமே உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் இருக்கட்டும். காசு செலவில்லாத வேலை, பாதிக் குறை இதிலேயே போய்விடும்.

தெர்மோகோல் வேண்டாம். அது வெயிலுக்குத்தான் ஆகும், ஒலிக்கு ஆகாது. முட்டை அட்டையும் அப்படித்தான். காற்று உள்ளே புகுந்து தடுமாறுகிற கனமான பொருள் வேண்டும். பரணில் பழைய இலவம்பஞ்சு மெத்தை கிடக்குமே? அது போதும். எங்கே வைப்பது என்றால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரை ஒட்டி யாரையாவது கண்ணாடி பிடித்து நகரச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் நாகஸ்வரம் காதைக் குத்தும் இடம். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி அங்கே மெத்தையை நிறுத்துங்கள். தரையில் கனமான ஜமக்காளம். கோரைப்பாய் மெல்லிசு, அது ஒன்றும் செய்யாது. (ஐப்பசி மழையில் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும். அவ்வப்போது வெயிலில் போடுங்கள்.)

அடித்தொனி மட்டும் மெத்தைக்கு அடங்காது. 47 ஹெர்ட்ஸின் அலைநீளம் 24 அடி, அதைப் பிடிக்க அடிக்கணக்கில் தடிமன் வேண்டும். கதவைத் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் இறங்கும். அப்புறம் ஒன்று: நாகஸ்வரம் வீதிக்கும் பிரகாரத்துக்கும் பிறந்த வாத்தியம். அதை 12 அடி அறையில் முழுச் சத்தத்தில் வைப்பதே கொஞ்சம் அடாவடிதான். வால்யூமைக் குறைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கடைக்குப் போவதைப் பிறகு பேசலாம்.