வால்வு ரேடியோ உறுமல்: மின்வழங்கிக் கெப்பாசிட்டர்கள்

வணக்கம் ஐயா. தொண்டி வீட்டுப் பரணில் பல்லாண்டு கிடந்த உங்கள் தாத்தாவின் வால்வு ரேடியோ, ஒலியளவை முழுவதும் குறைத்த பின்னும் உரக்க உறுமுகிறது என்று எழுதியிருந்தீர்கள். குமிழுக்குக் கட்டுப்படாத உறுமல் என்பதால், மின்வழங்கிப் பகுதியின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) காய்ந்துவிட்டன என்றே கருதுகிறேன். தயவுசெய்து இனி அதை நேரடியாக மின்சாரத்தில் இணைக்க வேண்டாம். கசியும் கெப்பாசிட்டர், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும், மாற்றுக் கிடைப்பதற்கு அரிதான டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடக்கூடும்.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஆகவே, காப்பிட்ட கம்பிகளில் இணைத்த 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் சில வினாடிகள் வைத்து, மல்டிமீட்டர் சுழியத்தைக் காட்டிய பிறகே கை வையுங்கள்.

பழையவற்றுக்குப் பதிலாகப் போடும் புதிய கெப்பாசிட்டர்கள் 450 வோல்ட் தாங்க வேண்டும். கெப்பாசிட்டரின் கொள்ளளவைக் கூட்டினால் உறுமல் மேலும் குறையும் என்றெண்ணிப் பலர் 220 மைக்ரோ ஃபாரட் போட்டுவிடுகிறார்கள். அது தவறு; ரெக்டிஃபையர் ஈஇசட்80 (EZ80) வகை வால்வாக இருந்தால், அதையடுத்த முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டவே கூடாது.

நம் கடற்கரை உப்புக் காற்றில் வால்வு சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள். பின்னர் 60 வாட் குண்டு பல்பை ரேடியோவோடு தொடரிணைப்பில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு மங்காமல் முழு ஒளியோடே எரிந்தால், உடனே அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.