மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நள்ளிரவில் ரவிக்கை நனைய வியர்த்து விழித்தால், விடியும்வரை உறக்கம் வருவதில்லை. மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். மார்பகப் புற்றுநோய் வரும் என்று அக்கா தடுக்கிறார். 58 வயதான என் கணவரும், சோர்வு நீங்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா என்று கேட்கிறார்.

பதில்: உங்கள் அக்காவின் அச்சம் காரணமில்லாதது அல்ல. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போலச் செயல்படும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுவதைக் கண்டு 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், கூடுதலாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 8 பேர் என்பதும் அந்தச் செய்தி பரவிய அளவுக்குப் பரவவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், பொதுவாக நன்மையே மிகுதி. இரவு வியர்வையைத் தணிக்க இதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை.

கர்ப்பப்பை அகற்றப்பட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. சிகிச்சையின் வகையை முடிவு செய்வது அதுதான். கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சுவர் தடித்துப் புற்றாக மாறக்கூடும் என்பதால், புரொஜெஸ்டிரோனும் கட்டாயம் சேர வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குவதைவிட, மேற்கையில் தடவி, நன்றாக உலர்ந்தபின் ரவிக்கை போட்டுக்கொள்ளும் ஜெல்லையே நான் விரும்புவேன். தோல் வழியே நேராக ரத்தத்தில் சேர்வதால், ரத்தம் உறையும் அபாயம் அதில் குறைவு.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்து, மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஒன்று முன்பு வந்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி உதிரம் பட்டிருந்தாலும், அதன் காரணம் தெரியும்வரை இந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

உங்கள் கணவருக்கு, சோர்வு மட்டுமே இருந்தால் ஊசி வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு, காலையில் வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்த்து, இரண்டிலும் குறைவாக இருந்து அறிகுறிகளும் பொருந்தினால் மட்டுமே சிகிச்சை. அப்போதும் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும் ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டும் குறித்த இடைவெளியில் பார்க்கப்பட வேண்டும். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால், உடம்பு தெம்பாக இருப்பதாகத் தோன்றினாலும், ஊசியை நிறுத்திவிட வேண்டும்.