ரசீது யார் பெயரிலோ, விற்றுமுதலும் அவர் பெயரில்தான்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். குன்னூர், கோத்தகிரி ரிசார்ட்டுகளில் நடக்கும் திருமணங்களுக்கும் ப்ரீ-வெட்டிங் படங்களுக்கும் ஓர் ஏற்பாட்டாளர் மூலமாகவே ஆர்டர் வருகிறது. பணத்தை அவர் வாங்கி, தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். ரசீது என் ஸ்டுடியோ பெயரில் போகிறது. சென்ற நிதியாண்டில் வாடிக்கையாளர்கள் கொடுத்தது 23 லட்சம், என் கைக்கு வந்தது 16 லட்சம். 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி வேண்டாம் என்கிறார் நண்பர். பெங்களூருக்காரர்களுக்கு வேலை செய்வதால் கட்டாயம் என்றும், 6,000 ரூபாய் கொடுத்தால் தாமே எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார் ஏற்பாட்டாளர். இரண்டாவது கேமரா வாங்கித் தொழிலைப் பெருக்க நினைக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வது தவறு. ஏற்பாட்டாளர் சொல்வதில் முடிவு சரி, காரணம் தவறு.

தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவரின் விற்றுமுதல் ஒரு நிதியாண்டில் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். விற்றுமுதல் என்பது வாடிக்கையாளர் உங்கள் சேவைக்காகக் கொடுத்த முழுத் தொகை. கமிஷன் போக உங்கள் கைக்கு வந்தது அல்ல. ரசீது உங்கள் ஸ்டுடியோ பெயரில் இருப்பதால் அந்தத் திருமண வீட்டாருக்குச் சேவை விற்றவர் நீங்கள். உங்கள் கணக்கில் 23 லட்சம். ஏற்பாட்டாளர் கணக்கில் அவருடைய 7 லட்சம் கமிஷன் மட்டும். பணம் முழுவதும் அவர் வங்கிக் கணக்கில் விழ, வரிப் பொறுப்பு முழுவதும் உங்கள் பான் எண்ணில் விழும்படி செய்த ஏற்பாடு இது, தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரே திருமண வீட்டாரிடம் ஒப்பந்தம் போட்டு, தம் பெயரில் பில் கொடுத்து, உங்களை அமர்த்திக் கூலி தந்திருந்தால் உங்கள் விற்றுமுதல் 16 லட்சம்தான், பதிவும் தேவைப்பட்டிருக்காது. இனிமேல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுத்தில் வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், திருமண வீட்டாரின் பணத்தை நேரே என் கணக்குக்கு வரவழைத்து, கமிஷனுக்கு அவரிடம் பில் கேட்டு வாங்குவேன். கேட்டால் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பழைய தேதி போட்டு ஒப்பந்தம் தயாரித்துச் சென்ற ஆண்டைச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெங்களூரு விஷயத்துக்கு வருகிறேன். வெளிமாநிலத்தாருக்கு ஒரு படம் எடுத்தாலும் பதிவு கட்டாயம் என்ற பயம் மலை முழுவதும் பரவியிருக்கிறது, அதைப் பரப்புகிறவர்கள் பெரும்பாலும் பதிவு செய்து தருகிறவர்களே. சேவையைப் பொறுத்தவரை வெளிமாநில வாடிக்கையாளர் இருந்தாலும் அதே 20 லட்சம்தான் வரம்பு. ஆனால் இந்தச் சலுகை சேவைக்கு மட்டுமே என்பதைக் கவனமாகப் படியுங்கள். திருமணப் படப்பிடிப்போடு சேர்த்து ஆல்பம் கொடுத்தால் அந்த ஆல்பமும் சேவையின் பகுதி. அதே நீங்கள் மலை ரயிலையும் தேயிலைத் தோட்டத்தையும் படமெடுத்து, சட்டகம் போட்டு, பெங்களூருக்கோ கோழிக்கோட்டுக்கோ கூரியரில் விற்றால் அது பொருள் விற்பனை. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கிறவருக்கு 20 லட்சம் வரம்பு உதவாது, முதல் சட்டகத்திலிருந்தே பதிவு வேண்டும். அதே சட்டகத்தை ஊட்டிக்கு வந்த பயணி கடையிலேயே வாங்கிப் போனால் பொதுவாக அந்தச் சிக்கல் இல்லை. இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், சீசன் இல்லாத மாதங்களில் பிரிண்ட் விற்றுச் சமாளிக்கலாம் என்று பல ஸ்டுடியோக்காரர்கள் இதில்தான் தெரியாமல் கால் வைக்கிறார்கள்.

அடுத்து அந்த 6,000 ரூபாய். பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பம் போட்டுத் தரும் ஆடிட்டருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் உங்கள் ஆர்டரையும் பணத்தையும் கையில் வைத்திருப்பவரிடம் பதிவையும் கொடுக்கக் கூடாது. விண்ணப்பத்தில் அவர் தம் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிட்டால் ஓடிபி முழுவதும் அவருக்குப் போகும். உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் யாருக்கு என்ன பில் போகிறது என்பது நோட்டீஸ் வரும் நாளில்தான் உங்களுக்குத் தெரியும். பொய் பில் போட இப்படிப் பிறர் பெயரில் எடுத்த எண்களைப் பயன்படுத்துவது இந்த வரி வந்த நாள் முதல் நடக்கும் மோசடி. உங்கள் கைப்பேசி எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் முகவரிச் சான்று இழுக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கம் பல வீடுகளின் வரி ரசீது இன்னும் காலமான தாத்தா பெயரில் இருக்கிறது, மின் இணைப்பு பெரியப்பா பெயரில் இருக்கிறது, அதிகாரி கேள்வி அனுப்புகிறார், பதில் போட்டால் அதே கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி அனுப்புகிறார். உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சென்ற ஆண்டு வரம்பைத் தாண்டிய பிறகு வந்த 3 லட்சத்துக்கு, வரியும் உள்ளடங்கியதாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 46,000 ரூபாய் வரி நிற்கிறது. தாமதத்துக்கு வட்டி தனி. நோட்டீஸ் வருமுன் தாமாகக் கட்டுவதே மலிவு.

இனி லாபம். புகைப்படச் சேவைக்கு வரி 18 சதவீதம். திருமண வீட்டாருக்கு அதைக் கழித்துக்கொள்ள வழியில்லாததால், 60,000 ரூபாய் பேக்கேஜை அதே விலைக்கு விட்டால் அதில் 9,153 ரூபாய் அரசுக்குப் போகும். ஆண்டு முழுவதும் பழைய விலையிலேயே 22 லட்சம் வசூலித்தால் வரி போக 18.64 லட்சம்தான் உங்களுடையது, வரம்புக்குள் நின்று 19.5 லட்சம் பார்ப்பவரைவிடக் குறைவு. ஆகவே தாண்டுவதென்றால் விலையை உயர்த்தித் தாண்ட வேண்டும், அல்லது எண்ணிக்கையில் நன்றாகவே தாண்ட வேண்டும். 50 லட்சம் வரை 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டம் ஒன்று உண்டு. வெளிமாநிலத்துக்குச் சேவை தருபவர் அதில் சேர முடியாது, வரியை வாடிக்கையாளரிடம் தனியே வாங்கவும் முடியாது என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

கேமராவைப் பதிவு எண் வந்த பிறகு, அந்த எண்ணைப் போட்ட பில்லில் வாங்குங்கள். 2,36,000 ரூபாய் கேமராவில் 36,000 வரி. அதை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அவசரப்பட்டு வாங்கினால் அந்தத் தொகை போனதுதான்.

நீலகிரியில் முதல் சீசன் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நிதியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது சீசன் முடியும் அக்டோபர் இறுதியில் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஆண்டு எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்துவிடும். பதிவு பெற்ற பின் வேலையில்லாத மழை மாதத்திலும் ரிட்டர்ன் போடாமல் இருக்கக் கூடாது. வியாபாரமே இல்லாத ரிட்டர்னுக்கும் தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய் கேட்பார்கள். மாதாந்திர ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதியன்று தளம் திணறும், அந்த நாளில்தான் கோத்தகிரியில் மின்சாரமும் போகும். 15ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.