72 மணித்தியாலத்தை மகளிடம் விட்டுவிடுங்கள்

"72 மணித்தியாலத் திரைக்கதைப் போட்டிக்கு உலகம் அழிகிற கதை எழுதப்போகிறேன் என்கிறாள், பிள்ளைக்கு மனதில் ஏதும் குறையோ?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. ஒரு குறையும் இல்லை. 2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமியில் கடல் உள்ளே வந்த ஊர் எங்கள் திருகோணமலை. உங்கள் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். பெரியவர்கள் பாதி சொல்லி, மீதியைச் சொல்லாமல் எழுந்து போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அந்த மீதியை அவள் எழுதிப் பார்க்க நினைக்கிறாள்.

ஆறுதல் இவ்வளவுதான். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதி. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' வந்ததால் உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவு என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ரியூசனுக்கும் பெயர் கொடுத்தாயிற்று. இங்கே மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் படிப்பிக்கப் பாதிப் பணம் தருவதாகக் கனடாவில் இருக்கும் பெரியப்பா சொல்கிறார், மீதிக்கு நிலாவெளிக் காணியை ஈடு வைக்க யோசிக்கிறீர்கள். இவ்வளவு ஏற்பாட்டிலும் மகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

"திருகோணமலைக்கு வெட்டுப்புள்ளி குறைவு, சுலபமாகக் கிடைக்கும்" என்று பெரியப்பா சொல்வதில் பாதிதான் உண்மை. வெட்டுப்புள்ளி என்பது இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் மருத்துவத்துக்கு என்று மாவட்டத்துக்கு வரும் இடங்கள் கொஞ்சம். அதற்காக அனுமதிக்கப்பட்ட மூன்று தடவையும் பரீட்சை எழுதத் தயாராக இருக்கும் பிள்ளைகளோடுதான் இவள் போட்டியிட வேண்டும். விருப்பமில்லாத பிள்ளை அங்கே நிற்கமாட்டாள். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தாலும், இங்கே வைத்தியராகப் பதிவதற்கு முன் இலங்கை மருத்துவ சபைக்கான தகுதிகாண் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். காணியை ஈடு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

இனி அந்தப் போட்டி. வெள்ளி மாலை தொடங்கி 72 மணித்தியாலத்தில், ஏழு நிமிடக் குறும்படத்துக்கு ஒரு திரைக்கதை. இது விளையாட்டு வேலை இல்லை. 2001இல் வாஷிங்டனில் தொடங்கிய 48 மணித்தியாலத் திரைப்படப் போட்டியில் எழுதுவது, படம்பிடிப்பது, தொகுப்பது எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் முடிக்க வேண்டும். மகளின் போட்டியில் எழுத்து மட்டும்தான். ஆனால் அவளுடைய நாட்டம் எந்தப் பக்கம் என்பதை இந்த மூன்று நாளில் பார்ப்பது போல வேறு எதிலும் பார்க்க முடியாது. அதனால் அவள் அதை எப்படிச் செய்யலாம் என்று விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பகுதியை அவளிடமே வாசிக்கக் கொடுங்கள்.

தங்கச்சி, ஏழு நிமிடத்தில் உலகத்தை அழிக்க முடியாது. ஒரு வீட்டை, ஒரு முடிவை, இரண்டு மூன்று ஆட்களைத்தான் காட்ட முடியும். வானத்திலிருந்து நெருப்பு விழும் காட்சியை எழுதினால் அதைப் படமாக்க யாரிடமும் காசு இருக்காது, பார்ப்பவருக்கும் அது எங்கோ நடப்பது போலிருக்கும். எங்கள் ஊரைப் பார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒரு விடியற்காலை அங்கே குளிக்கப் போகிறவர் வாளியை இறக்கி அள்ளி ஊற்றுகிறார், தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது. அடுத்த கிணறும் அப்படியே. ஏழாவது கிணற்றடிக்குப் போகும்போது அவர் நடையே மாறிவிடுகிறது. இதற்கு ஒரு சதம் செலவில்லை. சீனக்குடாப் பக்கம் பிரித்தானியர் கட்டிய பழைய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. அழிவை இந்த ஊர் பல தடவை கண்டிருக்கிறது, நீ வேறு எங்கும் தேடப் போக வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: சுனாமியில் யாரையோ இழந்தவரின் கதையை எடுத்தால், அவரிடம் கேட்டுவிட்டு எடு. அழ வைப்பதற்காக எடுக்காதே.

வெள்ளி இரவு எழுதாதே. யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கடைசியில் என்ன செய்கிறாள் என்பதை ஒரே வசனத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் படு. சனிக்கிழமை முழு வரைவையும் நிறுத்தாமல் எழுதி முடி. நல்லதோ கெட்டதோ, முடிவு வரைக்கும் போ. காட்சித் தலைப்பு 'உள். சமையலறை – இரவு' என்ற மாதிரி இருந்தால் போதும். கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் மட்டும், நிகழ்காலத்தில் எழுது. 'அவள் மனம் உடைந்தாள்' என்பதைக் கமரா பிடிக்காது. உலையில் போட வேண்டிய அரிசியை அவள் மறுபடி பையில் கொட்டிக் கட்டுகிறாள் என்று எழுதினால் பிடிக்கும். ஆட்கள் எங்கள் ஊரில் கதைப்பது போலவே கதைக்கட்டும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்லக் கேட்டிருப்பாய். அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவுக்கு. தமிழ் எழுத்துகள் அகலமானவை, பக்கக் கணக்கு உன்னை ஏமாற்றும். போனில் நேரத்தை ஓடவிட்டு, சத்தமாக வாசி. பேச்சில்லாத இடங்களையும் மனதுக்குள் நடத்திப் பார்த்து, அவ்வளவு நேரம் நிறுத்து. ஒன்பது நிமிடம் வந்தால் இரண்டு நிமிடத்தை ஞாயிற்றுக்கிழமை வெட்டு. பெரும்பாலும் வெட்டுப்பட வேண்டியது முதல் காட்சியாக இருக்கும்.

மென்பொருள் எதையும் வாங்காதே. 'ஃபவுண்டன்' என்று ஒரு எழுத்து முறை இருக்கிறது, சாதாரணக் குறிப்பேட்டிலேயே தட்டெழுதலாம். அது பாத்திரத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்து அடையாளம் காணும், தமிழில் அது இல்லை. அதனால் பெயருக்கு முன்னால் '@' குறியையும், காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளியையும் போடு, சரியாகிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதாதே, யுனிகோடில் எழுது. இல்லாவிட்டால் நடுவரின் கணினியில் உன் கதை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். திங்கட்கிழமை மாலைக்குக் காத்திராமல் மதியமே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடு. கரண்ட் போனால் போட்டிக்காரர் பொறுப்பில்லை.

அம்மா, இனி உங்களுக்கு. அந்த மூன்று நாளும் வீட்டு வேலை சொல்லாதீர்கள். 2004 பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்கள். பரிசு வருமா வராதா என்று பார்க்காதீர்கள். நான் பார்க்கச் சொல்வது ஞாயிற்றுக்கிழமையை. முதல் வரைவை எழுதிவிட்டு அலுத்துப்போய் எழுந்துவிட்டாளா, அல்லது யாரும் சொல்லாமல் திரும்ப உட்கார்ந்து தானே எழுதியதைத் தானே வெட்டினாளா? எழுந்துவிட்டால் அவளுக்குப் படம் பார்க்கத்தான் ஆசை, எழுத அல்ல. அப்போது வேறு கதைக்கலாம். திரும்ப உட்கார்ந்தால் உயிரியல் ரியூசனுக்குக் கொடுத்த பெயரை வெட்டுங்கள்.

கலைப்பிரிவில் தமிழ், நாடகமும் அரங்கியலும், அதோடு புவியியல் அல்லது தொடர்பாடலும் ஊடகக் கற்கையும். பாடச்சேர்க்கைக்கு விதிகள் உண்டு, எல்லாப் பாடசாலையிலும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருப்பதில்லை. அனுமதிக்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். அதன் பிறகு நிலாவெளியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கற்கை. மூன்றுக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. இடையில் யாராவது கொழும்பிலோ சென்னையிலோ பல இலட்சத்துக்குச் சினிமா டிப்ளோமா என்று வந்தால், பள்ளிப்படிப்பு முடியும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கமராவும் வாங்க வேண்டாம்.

கலைப்பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை கிடைக்காது என்ற உங்கள் பயம் நியாயமானது. வேலை கேட்டு வீதியில் இறங்கிய பட்டதாரிகளை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். அதனால் அவள் மூன்று மொழியும் படிக்க வேண்டும் என்கிறேன். தமிழில் எழுதவும், சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவரவும் தெரிந்தவருக்கு உபதலைப்பு, வானொலி நாடகம், அனர்த்த விழிப்புணர்வுப் படம், அரச மொழிபெயர்ப்பு என்று வாசல்கள் இருக்கின்றன. உயர்தரம் படிக்கும் இரண்டு வருடத்தில் அந்த இரண்டு மொழியையும் பிடித்துவிட வேண்டும், இதில் மகளுக்கும் சலுகை இல்லை. பெரியப்பா உதவ விரும்பினால், அந்த இரண்டு வகுப்புக்கும் மாதக் கட்டணத்தை அனுப்பச் சொல்லுங்கள்.