எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்: ஒரு பொது மருத்துவரின் கேள்வி பதில்

என்னிடம் வருபவர்களில் பலர் ஒரு கட்டு ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு, "இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கதையைக் கேட்பேன். எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது? பாதி நோய்கள் இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ள பதில்களும் அந்த வழியில்தான் போகும். ஆளைப் பார்க்காமல் மருந்தின் அளவு மட்டும் சொல்ல மாட்டேன், அதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்துவிட்டு கழுத்தெலும்பு தேய்மானம் என்றார்கள். காலர் போட்டிருக்கிறேன், தலைசுற்றல் மாத்திரையும் இரண்டு மாதமாகப் போகிறது. குறையவே இல்லை.

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "புரண்டால்", "அரை நிமிடத்தில்". இது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. உள்காதில் நுண்ணிய கால்சியம் படிகங்கள் ஒரு சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை கழன்று பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளும். நின்ற இடத்திலேயே நீங்கள் சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகும். படிகங்கள் அடங்கியதும் சுற்றல் நின்றுவிடும்.

உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தால் போதும். கருவிழி துடிக்கும். சிகிச்சையும் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்வதுதான். ஜான் எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்த முறை இது. தலையை வரிசையாகச் சில நிலைகளில், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்திருந்து, படிகங்களைப் பழைய இடத்துக்கே உருட்டி அனுப்புவார்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும். கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம்.

மாத்திரை இந்தப் படிகங்களை ஒன்றும் செய்யாது. நீண்ட நாள் போட்டால் உடல் தானாகச் சமநிலைக்குத் திரும்புவது தாமதமாகும். கழுத்துத் தேய்மானம் நடுவயதைத் தாண்டிய பலரின் எக்ஸ்ரேயில் தெரிவதுதான். அது தெரிகிறது என்பதற்காகச் சுற்றலுக்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. ஆனால் சுற்றலோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடக்கவே முடியாத தள்ளாட்டம், புதிதாகக் கடுமையான தலைவலி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது மூளை விவகாரமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவு.

கேள்வி: காலையில் எழுந்தபோது அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, அந்தப் பக்கக் கண்ணை மூட முடியவில்லை. எல்லோரும் பக்கவாதம் என்கிறார்கள். முகவாதம் என்று வேறு ஒன்றும் உண்டாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பக்கம் நெற்றியில் சுருக்கமே விழவில்லை என்றால் முகநரம்பு பாதிப்பு. வாய் கோணியிருந்தும் நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்குகிறது என்றால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்க மூளை அடிபட்டாலும் மறுபக்கம் நெற்றியைக் காப்பாற்றிவிடும். நரம்பே கெட்டுப்போனால் எந்தப் பக்கத்துக் கட்டளையும் போய்ச் சேராது.

ஆனாலும் வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சிறிதளவு இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்தக் கணக்கு, அவரைக் கடைசியாக நன்றாக இருந்து பார்த்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கும். தூங்கி எழுந்தபோது தெரிந்தது என்றால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள், அப்போதும் போங்கள். ஸ்கேன் பார்த்துச் சிலருக்கு அதன் பிறகும் சிகிச்சை செய்யலாம். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது.

முகவாதம்தான் என்று உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதைவிட முக்கியம் கண். மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூட வேண்டும். காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அக்கி வைரஸ் என்றால் மருந்து கூடுதலாகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முகம் திரும்பிவிடும்.

கேள்வி: மருத்துவமனையில் பி.பி. 152, வீட்டில் 126. எதை நம்புவது ஐயா?

பதில்: ஒழுங்காக எடுத்திருந்தால் வீட்டில் எடுத்ததை. எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் காபியோ புகையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் இருக்கட்டும். அளக்கும்போது பேசாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். 135/85க்குக் கீழே இருந்தால் உங்கள் 152 மருத்துவமனைப் பதற்றம் என்று சொல்லலாம். ஆனால் பின்னாளில் நிஜமான ரத்த அழுத்தமாக மாறுவதும் உண்டு என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதே மாதிரி பாருங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. எச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8.9. சர்க்கரை வந்துவிட்டதா? இனிமேல் மாத்திரைதானா?

பதில்: முதலில் ரத்தசோகையைப் பார்ப்போம், ஏனென்றால் அது சர்க்கரை அளவையே குழப்பியிருக்கலாம்.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில்தான் அந்த எண்ணை வாசிக்கிறோம். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் வருவது மந்தமாகி, பழைய அணுக்களே அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும். எண் பொய்யாக ஏறிவிடும். ரத்தம் நிறைய போனாலோ அணுக்கள் சீக்கிரம் உடைந்தாலோ பொய்யாக இறங்கும். 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5ம் அதற்கு மேலும் நீரிழிவு என்பதெல்லாம் அணுக்கள் ஒழுங்காக இருப்பவர்களுக்குத்தான். இப்போதைக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள். 100க்குக் கீழ் சரி, 126ஓ அதற்கு மேலோ இரண்டு தடவை வந்தால் நீரிழிவு. இடையில் இருந்தால் எடையும் நடையும் கவனிக்க வேண்டிய கட்டம்.

உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள், இரும்பு எங்கே போனது என்று கேளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்ணுக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வந்தால் வயிறு, பெருங்குடல் இரண்டிலும் கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும். "சத்துக் குறைவு" என்று சொல்லி அனுப்பிவிட்டால் குடல் புற்றுநோய் தப்பித்துப் போகக்கூடிய இடம் இது.

மாத்திரை வயிற்றைப் புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள், உறிஞ்சப்படுவது அப்படியும் நன்றாகவே இருக்கும். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் வீண். மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும்.

கேள்வி: 2 வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துவிடாமல் வாயில் கரண்டி வைத்தோம். அடுத்த தடவை வந்தால்?

பதில்: வாயில் எதையும் வைக்காதீர்கள், பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு மணியைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். 6 மாதம் முதல் 5 வயது வரை வரும் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் தானாக நின்றுவிடும். மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம். பாராசிட்டமால் காய்ச்சலின் உடல்வலிக்கு நல்லது, ஆனால் வலிப்பைத் தடுக்காது. வலிப்பு நின்ற பிறகும் குழந்தை நினைவுக்கு வராமலே கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குச் சாயங்காலம் ஆனால் இடது இமை தொங்குகிறது, எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். காலையில் ஒன்றுமே இல்லை. கண் பவர் சரி. "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: காலையில் நன்றாக இருந்து, உழைக்க உழைக்கத் தளர்ந்து, ஓய்வெடுத்தால் திரும்புகிறது. இந்தக் கதை டென்ஷனுக்குப் பொருந்தவில்லை, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற அரிய நோய்க்குப் பொருந்துகிறது. தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தசை வாங்கிக்கொள்ளும் இடங்களை உடலின் எதிர்ப்பொருளே தாக்கி அழிக்கிறது. 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டு, ஒரு நோயாளியின் தளர்ந்த தசைகள் கண்முன்னே வலுப்பெறுவதைக் காட்டினார். இன்று கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் அதே குடும்பத்து மருந்து.

இமை தொங்கும் நேரத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய கண்மேல் 2 நிமிடம் வையுங்கள். இமை தெளிவாக மேலேறினால் சந்தேகம் பலப்படும். சாயங்காலமும் காலையும் ஒவ்வொரு போட்டோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், காலை அப்பாயின்ட்மென்ட்டில் அவர் ஒன்றையும் பார்க்க முடியாது! எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை, தைமஸ் சுரப்பிக்காக மார்பு சி.டி. ஆகியவை எடுப்பார்கள். உறுதியானால் எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளே தளர்ச்சியைக் கூட்டும். விழுங்கும்போது புரையேறினாலோ, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமல் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனையில் சேருங்கள்.

கேள்வி: வளர்ப்பு நாய்க்குட்டி நகம் கீறியது, ரத்தம் வரவில்லை. ஊசி வேண்டுமா?

பதில்: முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும். நாயை 10 நாள் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போட ஆரம்பித்துவிட்டுப் பாருங்கள். நாய் நன்றாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்று மருத்துவர் சொல்வார். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

கேள்வி: என் தம்பிக்கு 18 வயது. ஆறேழு மாதமாகக் கை நடுங்குகிறது, கையெழுத்து கிறுக்கலாகிவிட்டது, எரிந்து விழுகிறான், படிப்பும் போச்சு. போதைப் பழக்கமோ என்று வீட்டில் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலை வந்து போனது.

பதில்: கடைசி வரியைத்தான் நான் முதலில் வாசித்தேன். இளம் வயதில் ஈரலும் மூளையும் ஒருசேரக் கெட்டால் வில்சன் நோய் இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் வேறு எதையும் யோசிக்க வேண்டும். சாமுவேல் வில்சன் 1912இல் விவரித்த நோய். தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் மரபணு பழுதாகி, தாமிரம் ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிந்துகொண்டே போகும்.

கண் மருத்துவர் ஸ்லிட் லாம்பில் பார்த்தால் கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம் தெரியும். நரம்பு அறிகுறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் பார்க்க வேண்டும். மருந்து உண்டு: தாமிரத்தை வெளியேற்றும் பெனிசிலமின், ட்ரையன்டின், உறிஞ்ச விடாமல் தடுக்கும் துத்தநாகம். ஆரம்பத்தில் நடுக்கம் கொஞ்சம் கூடலாம், அதனால் மெதுவாகத்தான் அளவை ஏற்றுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். "சரியாகிவிட்டது" என்று நிறுத்தியவர்களுக்கு ஈரல் ஒரேயடியாகச் செயலிழந்திருக்கிறது.

இன்னொன்று. அவருக்கு உறுதியானால் உங்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறிகுறி வருவதற்கு முன்பே பிடித்தால் சாதாரண வாழ்க்கை வாழலாம்.

கேள்வி: மாத்திரையை மாற்றாமலே தைராய்டு டி.எஸ்.எச். திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பதில்: முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச். என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், மாத்திரை அளவு அதிகமாகிவிட்டது போலத் தோன்றும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள், அதற்குள் மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மூன்று வாரமாகப் புதிதாகத் தலைவலி, நெற்றிப்பொட்டில் சீப்பு பட்டாலே வலிக்கிறதாம். மென்று சாப்பிட ஆரம்பித்தால் தாடை வலித்து நிறுத்திவிடுகிறார். பல் மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம்.

பதில்: பல் அப்புறம். 50 வயதுக்கு மேல் புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பொட்டில் தொட்டால் வலி, மூன்றும் சேர்ந்தால் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம். இதே அழற்சி கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பார்வை போய்விடும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. இன்றே பொது மருத்துவரிடம் அழைத்துப்போய் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் எடுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்டீராய்டை அப்போதே தொடங்கிவிடுவார்கள், தமனித் துணுக்கு எடுக்கும் பரிசோதனைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிளம்பும் முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: இந்த மூன்று வாரத்தில் எப்போதாவது ஒரு கண் சில நொடி இருண்டு திரும்பியதா? ஆமாம் என்றால் மாலை ஓ.பி. நேரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், இதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.