மோட்டார் சூட்டுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (இறுதியாண்டு மாணவர், திருப்பரங்குன்றம்): சார், இண்டக்‌ஷன் மோட்டாருக்கு வெப்ப மாடல் போட்டேன். மெஷ்ஷை (மாடலைப் பிரிக்கற கட்டங்களை) எவ்வளவு பொடிசாக்கினாலும் காயில் சூடு அளந்ததைவிட 20 டிகிரி குறைவாவே வருது.

பதில்: மெஷ்ஷை விடுங்க தம்பி. ஸ்லாட்டுக்குள்ள (கம்பி உட்காரற இரும்புக் காடிக்குள்ள) என்ன கொடுத்தீங்க? தாமிரத்தோட வெப்பக் கடத்துதிறன் 400 வாட்/மீ.கெல்வின்னு அப்படியே போட்டிருந்தா, கம்பியோட நீளவாக்குலதான் அது செல்லும். குறுக்க போற சூடு எனாமல், வார்னிஷ், அடுத்த கம்பியோட எனாமல்னு தாண்டித் தாண்டித்தான் வெளியே வரணும். அதுகளுக்கு 0.2 அளவுதான். ஸ்லாட்ல தாமிரம் 45 சதவீதம், மீதி முழுக்க வார்னிஷ்னா குறுக்குவாட்டுக் கடத்துதிறன் 0.2 × (1 + 0.45) ÷ (1 − 0.45), அதாவது 0.2 × 1.45 ÷ 0.55, சுமார் 0.53. வார்னிஷ் இறங்காம காற்று நின்னா அதே கணக்கு 0.07க்கு விழுந்துடும்.

அடுத்தது, கோருக்கும் (ஸ்லாட் வெட்டின இரும்பு) பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. படத்துல ஒட்டியிருக்கும், நிஜத்துல ஒட்டாது. 0.1 சதுர மீட்டர் பரப்பு வழியா 500 வாட் வெளியேறுதுன்னு வைங்க. 0.03 மி.மீ. காற்றுப் படலம்னா 6 டிகிரி ஏறும். 0.1 மி.மீ.ன்னா 19 டிகிரி. நீங்க தேடுற 20ஐ இந்த ரெண்டு இடத்துல முதல்ல தேடுங்க.

கேள்வி (கப்பலூர்): வெப்பக் கணக்குக்கு நெட்வொர்க் மாடலா, எஃப்இஏவா (பொடிப் பொடிக் கட்டமா பிரிச்சுப் போடுற முறை)?

பதில்: ரேட்டிங் பார்க்க, மோட்டாரைப் பத்துப் பதினஞ்சு நோடா (பகுதியா) பிரிச்ச நெட்வொர்க் போதும். ஓவர்லோடுல எத்தனை நிமிஷம் தாங்கும்னும் அதுலயே பார்க்கலாம், ஒவ்வொரு நோடுக்கும் வெப்பக் கொள்ளளவு சேர்த்துக்கங்க. ஸ்லாட்டுக்குள்ள எந்தக் கம்பி அதிகம் சுடுதுன்னு தெரியணும்னா எஃப்இஏ.

கேள்வி (வாடிப்பட்டி): பாடில கை வைக்க முடியல. காயில் போயிடுமா?

பதில்: கை 60 டிகிரியிலேயே பின்வாங்கிடும். எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 வரை தாங்கும். கையை நம்பாதீங்க, காயிலோட ஓம் (மின்தடை) அளங்க. ஆறியிருக்கறப்ப 30 டிகிரியில 1.00 ஓம், ஓடி நிறுத்தின உடனே 1.35 ஓம்னா: 1.35 × (234.5 + 30) − 234.5 = சுமார் 123 டிகிரி. 234.5ங்கறது தாமிரத்துக்கான மாறாத எண். இது காயிலோட சராசரி. உள்ளே இதைவிடச் சூடான இடம் இருக்கும்.

கேள்வி (மாட்டுத்தாவணி): எந்த சாஃப்ட்வேர் மலிவு?

பதில்: விக்கிறவங்களைக் கேளுங்க.

கேள்வி (உசிலம்பட்டி): சித்திரை வெயில்ல போர் மோட்டார் எரியுதுங்களே?

பதில்: அவ்வளவு ஆழத்துத் தண்ணிக்கு வெயில் எட்டாதுங்க. ஊரே ஒரே நேரத்துல மோட்டார் போடுறப்ப வோல்டேஜ் இறங்கும். அதே சுமைக்கு 10 சதவீதம் இறங்கினா கரண்ட் சுமார் 11 சதவீதம் ஏறும். தாமிர இழப்பு (கம்பியில சூடா வீணாகற மின்சாரம்) 1.23 மடங்காகும்.

மேலூர், ரீவைண்டிங் கடை: அண்ணே, வோல்டேஜ் சரியா இருந்த தோட்டத்துலயும் கோடையிலதான் எரியுது. கண்ணால பாக்குறோம்.

பதில்: நீங்க பார்க்கறது சரிதான்ணே. ஆனா அதுக்கும் காரணம் வெயில் இல்ல. நீர்மட்டம் இறங்கினா பம்பு தள்ளுற தண்ணி குறையும். மோட்டாரை உரசிப் போற ஓட்டம்தான் அதைக் குளிர்விக்குது. போர்ல பம்பு மேல, மோட்டார் கீழ; ஊற்று மோட்டாருக்கு மேல இருந்தா தண்ணி கீழே வராமலே பம்புக்குள்ள போயிடும். அங்கெல்லாம் மோட்டாரைச் சுத்தி ஒரு குழாய் மாட்டணும். நீர் நிரப்பின மோட்டார்ல பிவிசி கம்பி 70 டிகிரி வரைதான், அதுல விளையாட இடமே இல்ல.

உசிலம்பட்டி: கடைக்காரங்க மெல்லிசு கம்பி போடுறதைச் சொல்ல மாட்டீங்களா?

மேலூர்: நாங்க அப்படிப் போடுறதில்லைங்க!

பதில்: யாரையும் குத்தம் சொல்லல, கணக்கை மட்டும் சொல்றேன். 0.9 மி.மீ. தாமிரம் இருந்த இடத்துல 0.8 போட்டா பரப்பு 21 சதவீதம் குறையும். அதே கரண்ட்டுக்கு இழப்பு 1.27 மடங்கு. வோல்டேஜும் இறங்கினா ரெண்டும் பெருகும்: 1.23 × 1.27, ஒன்றரை மடங்குக்கு மேல.

கேள்வி (திருமங்கலம்): மோட்டார் தொட்டா சுடுது...

பதில்: வாடிப்பட்டிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. ஓம் அளங்க.

மேலூர்: சரிண்ணே, தரைக்கு மேல ஓடுற மோட்டாருக்கு வார்னிஷ் எப்படி இறக்கணும்?

பதில்: முதல்ல காயிலைச் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்க. வார்னிஷ்ல முக்கினா குமிழி வரும். அது நிக்கிற வரைக்கும் வெளியே எடுக்காதீங்க. வடியவிட்டு, டப்பாவுல போட்டிருக்கற சூட்டுல, போட்டிருக்கற நேரம் முழுக்க ஓவன்ல வைங்க. பிரஷ்ல மேல தடவினா ஸ்லாட்டுக்குள்ள காற்றுதான் இருக்கும்.